மூன்றடுக்கு முளைப்பெட்டியும் அந்தச் சிவப்பு மூடியும்

65 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்ற, பயறு முளைகட்டும் மூன்றடுக்கு முளைப்பெட்டி இப்போது ஆன்லைனில் 32 வெள்ளி. பாகான் செராயில் இருக்கும் என் நாத்தனார் அதன் படத்தை அனுப்பி, "அண்ணி, உங்க வீட்ல இருக்கறது இதுதானே, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இந்தப் பெட்டிமேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது, கொஞ்சம் நன்றியும் இருக்கிறது. அதனால் விலாவாரியாகவே எழுதிவிடுகிறேன்.

கோபம் முழுக்க அந்தச் சிவப்பு மூடிமேல்தான். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். மேல்தட்டில் ஊற்றும் தண்ணீர் அதன் அடியிலுள்ள மெல்லிய கோடுகள் வழியாக இறங்கி, ஒவ்வொரு தட்டாக நனைத்துக்கொண்டு கடைசியில் அடிக்கிண்ணத்தில் சேர வேண்டும். காகிதத்தில் நல்ல யோசனைதான். ஆனால் பாசிப்பயறு முளைவிட்டதும் முதலில் கழற்றுவது அதன் பச்சைத் தோலை, அந்தத் தோல் நேராகப் போய் உட்காருவது அந்தக் கோடுகளில். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போய், சாயந்திரம் வந்து திறந்தால் மேல்தட்டு காய்ந்து கிடக்கும், நடுத்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும், குப்பென்று ஒரு புளித்த வாடை வரும். முளைக்குத் தேவை ஈரம், தண்ணீர் இல்லை. தேங்கினால் காற்று கிடைக்காமல் அழுகிவிடும், அதுவும் நம்ம ஊர் வெக்கையில் அரை நாள் போதும். பல்குச்சி, பழைய டூத்பிரஷ், குண்டூசி எல்லாம் இப்போது சிங்க் பக்கத்திலேயே நிரந்தரமாக இருக்கின்றன, பார்க்கிறவர்கள் ஏதோ கிளினிக் நடத்துகிறேன் என்று நினைப்பார்கள். போன மாதம் குண்டூசியால் சுரண்டும்போது ஒரு மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால் மூடி தனியாகக் கிடைக்காதாம், முழு செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். ஐம்பது காசு பெறாத பிளாஸ்டிக்குக்கு முழு செட்! இப்போது அந்த ஓட்டையில் துவைத்த நைலான் வலைத்துண்டு ஒன்றைக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி கொடுத்த மூடியைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட்டில் மழை மாதங்களில் துணி காயாது. அத்தை தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்தே பயற்றை வெள்ளைத்துணியில் முடிந்து சட்டிக்குள் வைத்துத்தான் முளை கட்டுவார். வெயில் நாளில் அதற்கு ஈடு கிடையாது. அக்டோபர், நவம்பரில் தினமும் மூன்று மணிக்கு வானம் இருட்டும்போது அந்தத் துணி பிசுபிசுத்து, எவ்வளவு வெந்நீரில் அலசினாலும் வாடை போகாது. பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை, சோப்பு போட்டுக் கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. ஆனால் கூடவே வந்த கையேட்டை நம்பாதீர்கள். குளிர் நாட்டுக்காக எழுதியது போலிருக்கிறது: பாசிப்பயறுக்கு மூன்று நாள், தண்ணீர் காலை மாலை என்று போட்டிருக்கிறது. இங்கே ராத்திரி ஊறப்போட்டு மறுநாள் காலையில் வடித்துவிட்டால் அதற்கடுத்த காலையில் வால் எட்டிப்பார்க்கிறது, அலசுவதும் நாளுக்கு மூன்று தடவையாவது வேண்டும்.

நான் இதை வாங்கியதே எங்க வீட்டுக்காரரின் வயிற்றுக்காகத்தான். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர், புரட்டாசி மாதம் முழுக்க சைவம், தினமும் ஏதாவது சுண்டல். இரவு பத்து மணிக்குமேல் அவர் வயிறு பொருமுவது அடுத்த அறைக்குக் கேட்கும். பயறு, கடலை எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கிற நொதி மனித உடம்பில் கிடையாது, அதனால் அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பாக்டீரியா அதைத் தின்று காற்றாக விடும், வாயு என்கிறோமே, அது. விதை முளைக்கும்போது அந்த நொதியைத் தானே உண்டாக்கி அந்தச் சர்க்கரையைத் தன் சாப்பாடாக எடுத்துக்கொள்கிறது. ஊறவைத்த தண்ணீரிலும் கொஞ்சம் கரைந்து இறங்கும், அதனால் அதைக் கொட்டிவிட வேண்டும் (என் கறிவேப்பிலைச் செடி அதில்தான் வளர்கிறது). முளைகட்டிய கொண்டைக்கடலையில் சுண்டல் செய்த பிறகு பொருமல் குறைந்திருக்கிறது, மனுஷனே ஒத்துக்கொண்டார். முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், நார்ச்சத்து நார்ச்சத்துதான், ஒரே நாளில் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் யார் வயிறும் பேசும். முதல் வாரம் இரண்டு கரண்டி, அப்புறம் கூட்டலாம்.

ஆனால் பச்சையாக இல்லை. பெட்டி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பச்சை முளையைக் கிண்ணம் நிறைய வைத்துச் சிரிக்கிறாள், அவள் வயிறு எப்படியோ. பச்சையாகச் சாப்பிட்டால் எங்க வீட்டில் ஆளுக்கு ஆள் ஏப்பம். அது மட்டுமில்லை, முளை வளர்வதற்கு ஏற்ற வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் ஏற்றவை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலை கிருமியில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். விதையின் கீறலுக்குள் கிருமி இருந்தால் எவ்வளவு அலசினாலும் போகாது. கர்ப்பிணி, சின்னப் பிள்ளை, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பச்சை முளை வேண்டவே வேண்டாம். பாசிப்பயறு முளையை ஆவி நன்றாகப் பறக்கும்வரை வேகவைத்து, இஞ்சி, பெருங்காயம், கடைசியில் எலுமிச்சை. முளைவிடும்போது உண்டாகும் வைட்டமின் சி கொஞ்சம் வேகும்போது போகும், போகட்டும், அதற்குத்தான் எலுமிச்சை. கொண்டைக்கடலையை எப்போதும்போல் குக்கரில் வைக்க வேண்டியதுதான், ஆனால் சீக்கிரமே மெத்தென்று வெந்துவிடும்.

வால் பயறு நீளத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் விட்டால் கசப்பு தட்டும். இதில் தௌகே (வதக்கிச் சாப்பிடும் நீளமான பயறு முளை) வளர்க்கலாமா என்று நாத்தனார் அடுத்து கேட்பாள். வளரும், நூல் மாதிரி பச்சையாக. ஈப்போ தௌகே மாதிரி குட்டையாகக் குண்டாக வர இருட்டு வேண்டும், மேலே பாரம் வேண்டும், கண்ணாடி மாதிரி வெளிச்சம் புகும் இந்தப் பெட்டியில் இரண்டும் கிடையாது. வெந்தயத்தையும் போடாதீர்கள், அது விடும் வழவழப்பு மூடியை அடைத்தால் குண்டூசிக்கும் அசையாது. ராஜ்மா பக்கமே போக வேண்டாம்: அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தியில் கொண்டுபோய் விடும், முளைகட்டினாலும் முழுசாகப் போகாது, நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் போகும். நாற்று விடுவதற்கென்று விற்கும் விதையில் மருந்து தடவியிருப்பார்கள், அதுவும் கூடாது. மளிகைக்கடையில் வருஷக்கணக்காகக் கிடந்த கடலை பாதிக்குமேல் முளைக்காது, அதற்குப் பெட்டியைத் திட்டக்கூடாது.

ஆக, நாத்தனாரே, வயிற்றுக்கு நல்லது, மழை மாதத்துக்கு நல்லது, கழுவ சுலபம், எல்லாம் உண்மை. ஆனாலும் வாங்காதே. பழைய மைலோ டின்னில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே சல்லடை வைத்தால் இதே வேலை நடக்கும், தண்ணீரும் தேங்காது. ஒரு வேளை 20 வெள்ளிக்குக் கீழே இறங்கினால் எனக்குச் சொல். இரண்டு செட் எடுத்து வைத்துக்கொள்கிறேன், மூடிக்காக.