வாரிசுச் சான்றிதழுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பா தை மாதம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். கட்டணம் 60 ரூபாய். சான்றிதழ் கைக்கு வரும்போது நான் கொடுத்திருந்தது 7,060 ரூபாய். எந்த ஊர், எந்த அலுவலகம், யார் என்று எழுதப்போவதில்லை. இதை வாசிக்கிற பலருக்கும் தங்கள் ஊர் அலுவலகம்தான் கண்முன் வரும் என்று தெரியும்.

அம்மா, அண்ணன், அக்கா, நான். நான்கு பேர். எங்களுக்குள் தகராறு கிடையாது. அப்பா சம்பளத்தில் வாங்கிப் போட்ட 62 சென்ட் நிலம், வங்கியில் கொஞ்சம் பணம், அவ்வளவுதான் சொத்து. இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதாரும் கொடுத்தாயிற்று. இதைவிட எளிமையான விண்ணப்பம் இருக்க முடியாது. ஆனாலும் ஏழு வாரம் விஏஓவிடமே நின்றது.

அவர் ஒருநாளும் முடியாது என்று சொல்லவில்லை. எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசுவார். முதல் தடவை பழைய ரேஷன் கார்டு வேண்டும் என்றார். அடுத்த தடவை அக்கம்பக்கத்தார் இரண்டு பேரின் வாக்குமூலம். அதையும் கொண்டுபோனால் அக்காவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். அக்காவுக்கு வயது 51, அவள் படித்த பள்ளியே இப்போது இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, முட்டிவலியோடு இருக்கும் அம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். நான்காவது தடவை திரும்பும்போது கிராம உதவியாளர் வாசல்வரை கூடவே வந்தார். “அக்கா, சாருக்கும் செலவு இருக்குல்ல. அஞ்சு வச்சீங்கன்னா முடிஞ்சிடும்” என்றார். நான் நாலு என்றேன். அப்பா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அவர் பெயரில் பேரம் பேசிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் போனேன். விஏஓ, நிலத்தின் பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் நோட்டைப் பிரித்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நீளமான நோட்டு, ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அந்தப் பக்கத்தின் மேல் வைத்தேன். நோட்டை மூடி மேஜை டிராயருக்குள் தள்ளினார். பணத்தில் அவர் விரல்கூடப் படவில்லை. அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்து, என் கண்முன்னாலேயே விண்ணப்பத்தை வருவாய் ஆய்வாளரான ஆர்ஐக்கு அனுப்பினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அக்காவின் மாற்றுச் சான்றிதழ் பற்றிய பேச்சே வரவில்லை. நான் எழுந்தபோது, “உங்கப்பா ரொம்ப நல்ல மனுஷன்மா” என்றார்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

ஆர்ஐ அலுவலகத்துக்கு 3,000. அது தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் வழியாகப் போனது.

அந்த நாட்களில் தாலுகா ஆபீஸ் திண்ணையில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். மஞ்சள் பையில் இருந்து மனுக்களை எடுத்து ஒவ்வொன்றாக மடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் அலுவலக முத்திரை, தேதி. எட்டு மாதமாக அலைகிறாராம். அவருடைய அப்பா இறந்ததும் தம்பிகள் இருவரும் தங்கள் பெயர் மட்டும் வரும்படி வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். அதை வைத்துப் பட்டாவும் மாற்றியாகிவிட்டது. ஆட்சேபணை மனு கொடுத்தால் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்களாம். “எங்கப்பனுக்கு நான்தான் பாப்பா மூத்த பொண்ணு. காயிதத்துல நான் பொறக்கவே இல்லியாம்” என்றார். பாவமாக இருந்தது. ஆனால் என் வேலை முடிய வேண்டும் என்ற நினைப்பில் அன்று எழுந்து போய்விட்டேன்.

சான்றிதழ் வந்த அன்று இரவு அண்ணன் ஒரு விஷயம் சொன்னான். நடுவில் அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் அவனுக்கு போன் செய்திருக்கிறார். “பொண்ணுங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு, அம்மாவும் நீங்களும் மட்டும் வர்ற மாதிரி எடுத்துடலாம் சார். பதினஞ்சு ஆகும்” என்றாராம். அண்ணன் போனை வைத்துவிட்டான். நான் வருத்தப்படுவேன் என்று அதுவரை சொல்லவில்லை. உண்மையை எழுதுவதற்கு ஏழு, என்னையும் அக்காவையும் இல்லாமல் ஆக்குவதற்குப் பதினைந்து. இரண்டு விலையும் ஒரே கடையில்.

அந்தத் திண்ணை அம்மா அப்போதுதான் நினைவுக்கு வந்தார். அவருடைய தம்பிகளும் இப்படி ஒரு போனை எடுத்திருப்பார்கள், வைக்காமல் பேசியிருப்பார்கள். என் நியாயமான வேலையை இழுத்தடித்துக் காசு பார்க்கிற அதிகாரம்தான் அவருடைய பெயரை விட்டுவிடுவதற்கும் காசு வாங்குகிறது. உண்மையான சான்றிதழுக்கு நான் பணம் கொடுத்ததால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கடை நடப்பதே என்னைப் போன்றவர்களின் நாலாயிரத்திலும் மூவாயிரத்திலும்தான். கொடுக்க முடியாதவர்களின் விண்ணப்பங்களுக்கு மேலே என்னுடையது ஏறியதும் அந்தப் பணத்தால்தான்.

மகளுக்குப் பங்கு உண்டா என்ற பேச்சு இன்றும் கிராமங்களில் ஓடுகிறது, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். இந்துக் குடும்பத்தில் தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. 1956 சட்டத்திலேயே இது இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குப் பங்கு என்பதை, அதற்கு முன் திருமணமாகாத பெண்களுக்கு என்ற வரம்போடு, தமிழ்நாடு 1989ல் கொண்டுவந்தது. 2005ல் நாடு முழுவதற்கும் அந்த வரம்பு இல்லாமலே சட்டம் வந்தது. அந்தத் திருத்தம் வந்த அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லிவிட்டது. இத்தனை வருடச் சட்டத்தை ஒரு ஜெராக்ஸ் கடை பதினைந்தாயிரத்துக்கு அழித்துவிடப் பார்க்கிறது.

இனி நான் செய்த தவறு. விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, “எத்தனை நாள் ஆச்சு?” என்றுதான். ஊழல் தடுப்புச் சட்டம் 2018ல் திருத்தப்பட்டது. அதன்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டுவரை சிறை. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. கொடுத்த 7 நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. நான் போனது இருபத்து மூன்றாவது நாள். சட்டத்தின் முன்னால் நானும் தவறு செய்தவள்தான். அதைத் தெரிந்துதான் எழுதுகிறேன். இன்றோ நேற்றோ கொடுத்த யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து நாட்களை எண்ணுங்கள்.

கொடுப்பதற்கு முன்பே போவது இன்னும் நல்லது. லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தலைமை அலுவலகம் சென்னை ஆலந்தூரில் இருக்கிறது, மாவட்டங்களிலும் அலுவலகங்கள் உண்டு. அவர்களிடம் சொல்லிவிட்டுப் பணத்தோடு போகிறவர் மேல் சட்டம் பாயாது. உங்கள் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் என்ற பொடியைத் தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவரின் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அடங்கல் நோட்டை ஏன் என் பக்கம் திருப்பி வைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் கையால் தொடாவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். கேட்டதையும் ஏற்றுக்கொண்டதையும் சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்தே நிரூபிக்கலாம், புகார் கொடுத்தவர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சி சொன்னாலும் வழக்கு தானாக விழுந்துவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2022 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு.

பொறி வைக்கிற அளவுக்குத் துணிச்சல் இல்லை என்றால் அதுவும் எனக்குப் புரிகிறது. நாளைக்கும் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அப்படியென்றால் எதையும் வாய்வார்த்தையாக விடாதீர்கள். கூடுதலாக ஓர் ஆவணம் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். என்னிடம் வாயால் கேட்ட மூன்றில் ஒன்றுக்குக்கூட எழுத்தில் எதுவும் இல்லை. கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டு அது யாரிடம் நிற்கிறது என்று வாரம் ஒரு தடவை பார்த்து, தேதியோடு குறித்து வையுங்கள். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அதில் ஏன் தாமதம் என்று கேட்டால் விளக்கமாக ஏதாவது எழுதிச் சமாளிப்பார்கள். ‘என் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த அலுவலரிடம் இருந்தது, அவர் பெயர், பதவி, அவர் எடுத்த நடவடிக்கையின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

போன வாரம் தாலுகா ஆபீஸுக்குத் திரும்பவும் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அந்த அம்மா அதே திண்ணையில்தான் இருந்தார். வாரிசுச் சான்றிதழை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதை இந்த எட்டு மாதத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. இருவரும் உட்கார்ந்து எழுதினோம். கூடவே, அவருடைய தம்பிகளின் விண்ணப்பத்தில் விஏஓவும் ஆர்ஐயும் எழுதிய விசாரணை அறிக்கைகளின் நகல் கேட்டு ஒரு தகவல் மனுவும் எழுதினோம். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவரே பேனாவை வாங்கி, தன் அப்பா பெயரை முதலிலும் தன் பெயரைப் பின்னாலும் நிறுத்தி நிதானமாக எழுதினார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை நான் ஒட்டினேன். பதிவுத் தபால் ரசீதை நான்காக மடித்து அந்த மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்று ஆறாவது நாள்.