விராலுக்கு எது, சுங்கானுக்கு எது: குளத்துத் தூண்டில் சாமான் ஒப்பீடு

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பாஸ் மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணன், அதே ரொட்டும் ரீலும் வாங்கினால் நம்மட குளத்துக்குச் சரிவருமா?" என்று கேட்கிற தம்பிமார் இப்போது கூடிவிட்டார்கள். பாஸ் வீடியோ என்றால் பெரும்பாலும் சரிவரும். மீசை உள்ள கெளிற்று வகை மீன் (கேட்ஃபிஷ்) பிடிக்கிற வீடியோவைப் பார்த்து வாங்கினால் காசுக்குத்தான் கேடு.

காரணம் இதுதான். பாஸ் வட அமெரிக்காவின் மீன், நம்முடைய குளங்களில் கிடையாது. ஆனால் அது அங்கே செய்கிற வேலையை இங்கே விரால் செய்கிறது. செடிக்கு அடியில் பதுங்கிக் கிடந்து, தலைக்கு மேலே ஏதாவது அசைந்தால் கீழிருந்து பாய்ந்து அடிக்கும். அதனால் பாஸுக்கென்று அவர்கள் கண்டுபிடித்த பொய்த்தவளையும் பின்னல் நூலும் செடி மாட்டாத கொக்கியும் மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்திலோ வாகனேரிக் குளத்திலோ அப்படியே வேலை செய்கின்றன. கெளிற்று வகையில் கதை தலைகீழ். அங்கே 2011இல் வர்ஜீனியாவில் பிடிபட்ட நீலக் கெளிறு 143 இறாத்தல், கிட்டத்தட்ட 65 கிலோ. அதை ஏற்றுவதற்காகச் செய்த கம்பையும் கைமுட்டி அளவு ரீலையும் வைத்துக்கொண்டு ஒரு முழம்கூட வராத நம்முடைய கெளிற்று வகையான சுங்கானுக்குக் காத்திருந்தால், அது கடித்ததே கைக்குத் தெரியாது.

ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ஒரு செட் தேடுவதை முதலில் விடுங்கள். காசு போடுவதென்றால் விரால் கம்புக்குப் போடுங்கள். சுங்கானுக்கும் கெளிற்றுக்கும் கைத்தூண்டில் போதும்.

முதலில் உயிர்த்தவளையா, பொய்த்தவளையா என்று பார்ப்போம். நம்முடைய ஆட்கள் காலங்காலமாக உயிர்த்தவளையைக் கட்டிப் போட்டுத்தான் விரால் பிடித்தார்கள், இன்றைக்கும் அது பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரே இடத்தில் போட்டுவிட்டு விரால் வரும்வரை குந்தியிருக்கிற வேலை. பொய்த்தவளை என்றால் நாம்தான் விராலைத் தேடிப் போகிறோம். அரை மணித்தியாலத்தில் கரையோரம் முழுக்க அலசிவிடலாம். தவளையைக் குத்தி உயிரோடு தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

பொய்த்தவளையில் வாங்க வேண்டியது உள்ளே கூடான, மெத்தென்ற ரப்பர் உடம்பும் முதுகோடு ஒட்டிய இரட்டைக் கொக்கியும் உள்ள வகை. விரால் வாயை மூடும்போது உடம்பு அமுங்கும், அப்போதுதான் கொக்கி வெளியே வரும். அதுவரை மிதக்கிற சல்வீனியாச் செடி மேலும் தாமரை இலை மேலும் ஒன்றிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். விலை குறைந்தவற்றில் ரப்பர் தடிப்பாக இருக்கும், விரால் கடித்தாலும் அமுங்காது. வாங்கும்போது இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள், கொக்கி முனை இலகுவாக வெளியே தெரிய வேண்டும்.

இழுக்கிற விதம் சாமானை விட முக்கியம். ஆற்றுவாழைக்கும் தண்ணீர் வெளிக்கும் நடுவில் ஒரு ஓரம் இருக்கும், அதற்கு அப்பால் எறிந்து ஓரத்தை ஒட்டி விட்டு விட்டு இழுக்க வேண்டும். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், கொஞ்ச நேரத்துக்கொரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுப் போகும். அந்தச் சின்னச் சத்தம் கேட்ட இடத்தின் தலையில் எறியாதீர்கள், தாண்டி எறிந்து அந்த வழியாகக் கொண்டு வாருங்கள். தவளை சல்வீனியா மேல் ஊர்ந்து வரும்போது பின்னால் இலைகள் மட்டும் லேசாகப் புடைத்துப் புடைத்து வரும், அப்புறம் ஒரு வெடிச் சத்தம், இலைக்கு நடுவே ஒரு ஓட்டை, தவளையைக் காணோம். கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுத்தால் தவளை வெறுமனே முகத்துக்கு நேரே பறந்து வரும். கம்பு நுனியைத் தாழ்த்தி, நூலில் பாரம் தெரிந்த பிறகு முழுப் பலத்தோடு கொளுவ வேண்டும்; விராலின் அண்ணம் எலும்பு, மெதுவாக இழுத்தால் கொக்கி ஏறாது. ஏறிய பிறகு ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. தலை செடி வேருக்குள் போய்விட்டால் கதை முடிந்தது.

இங்கேதான் தங்கூசியா (ஒற்றை நைலோன் நூல்), பின்னல் நூலா என்ற கேள்வி வருகிறது. செடிக்குள் விரால் என்றால் பின்னல் நூல்தான். தங்கூசி இழுபடும், தூரத்தில் நீங்கள் வெட்டி இழுத்த வேகத்தில் பாதி அந்த இழுபாட்டிலேயே போய்விடும். பின்னல் நூல் இழுபடாது, அதே பலத்துக்கு மெல்லியதாகவும் இருக்கும், தாமரைத் தண்டையே அறுத்துக்கொண்டு வரும். 30 முதல் 50 இறாத்தல் வரை பாரம் தாங்குகிற நூல் போதும். அமெரிக்கக்காரர்கள் 65 போடுவார்கள், நமக்குத் தேவையில்லை. ஆனால் குளக்கட்டை அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல் அடுக்கியிருக்கிற பக்கம் நின்று எறிகிறீர்கள் என்றால் பின்னல் நூல் கல்லில் உரசிப் பட்டென்று அறுந்துவிடும், முன்னால் ஒரு முழம் தடித்த தங்கூசி கட்டிக்கொள்ளுங்கள். முடிச்சிலும் வித்தியாசம் உண்டு. தங்கூசிக்கு நாம் சுற்றிப் போடுகிற வழக்கமான முடிச்சு பின்னல் நூலில் வழுக்கிக் கழன்றுவிடும். நூலை இரட்டையாக்கிப் போடுகிற பலோமர் முடிச்சு நிற்கும்.

ரீல் விஷயத்தில் வீடியோக்காரர்கள் எல்லோரும் பேட்காஸ்டர் (எறியும்போது நூல் சுருளும் சேர்ந்து சுற்றுகிற ரீல்) கையில் வைத்திருப்பார்கள். குறி வைத்து எறிவதற்கும் செடியோடு சேர்த்து இழுப்பதற்கும் அது நல்ல சாமான்தான், பொய் இல்லை. ஆனால் கச்சான் காற்று எதிரே அடிக்கிற மாதங்களில் 15 கிராம்கூட வராத தவளையை அதில் எறிந்து பாருங்கள். தவளை காற்றில் தடுமாறி நிற்கும், சுருள் நிற்காமல் சுற்றும், நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும், மிச்சப் பின்னேரம் அதை அவிழ்ப்பதிலேயே போகும். பழகிய கைக்குப் பிரேக்கைக் கூட்டி விரலால் அடக்கத் தெரியும், புதுக் கைக்குச் சுருள் சுற்றாமல் நூல் மட்டும் கழன்று போகிற ஸ்பின்னிங் ரீல்தான். 3000 அல்லது 4000 அளவு ரீல், 7 அடி நீளத்தில் கொஞ்சம் விறைப்பான கம்பு. இது ஒன்று இருந்தால் விரால் வேலை முடிந்தது.

டெக்சஸ் ரிக் என்று ஒன்று பார்த்திருப்பீர்கள்: தோட்டா வடிவ ஈயம், வளைந்த கொக்கி, கொக்கி முனையை ரப்பர் புழுவுக்குள் புதைத்து வைப்பது. செடிக்கு நடுவே சின்ன ஓட்டை இருக்கிற இடத்தில் நேராகக் கீழே இறக்க நல்லது. ஆனால் விரால் பல்லுக்கு ரப்பர் தாங்காது, வால் ஒவ்வொரு தடவையும் போகும். வெள்ளம் வந்து குளம் கலங்கியிருக்கும்போது தகடு சுற்றுகிற ஸ்பின்னர்பெயிட் தவளையை விட நல்லது, கலங்கல் தண்ணீரில் மீன் அந்த அதிர்வை வைத்துத்தான் தேடி வரும்.

மாரி தொடங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் தண்ணீர் கொதிப்பதுபோல மேலே வந்து வந்து போகும், தாய் தகப்பன் விரால் அடியில் காவல் நிற்கும். அதற்கு நடுவில் என்ன போட்டாலும் அடிக்கும், பசியில் இல்லை, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துவிட்டுப் படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பெரியது போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைக்காது.

சரி, சுங்கானுக்கு வருவோம். இங்கே கண்ணுக்கு வேலையே இல்லை, மணம்தான் எல்லாம். கெளிற்று வகை மீன்களுக்கு மீசையில் மட்டுமில்லை, உடம்புத் தோலிலும் சுவை அறிகிற அரும்புகள் உண்டு. அதனால்தான் இருட்டிலும் சேற்றுத் தண்ணீரிலும் இரையைத் தேடி வருகிறது. பளபளக்கிற பொய் இரைக்குச் செலவழிப்பது வீண். மண்புழு, இறால் தலை, கோழிக்குடல், ஈரல் என எல்லாம் போகும். இவற்றில் மண்புழுவை மற்ற எதுவும் வென்றதாக நான் பார்க்கவில்லை. ஈரல் மணத்தில் நல்லது, ஆனால் எறிகிற வேகத்திலேயே கழன்று விழும், தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும்.

ஈயத்தைக் கொக்கிக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்டுவது நம்முடைய பழக்கம். அதற்குப் பதிலாக நூல் ஓடுகிற மாதிரித் துளை ஈயம் கோர்த்து, அடியில் ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு சாண் விட்டுக் கொக்கி கட்டுங்கள். மீன் இரையை இழுக்கும்போது ஈயத்தின் பாரம் அதற்குத் தெரியாது, விட்டுவிட்டுப் போகாது. அமெரிக்க வீடியோவில் இருந்து எடுக்க வேண்டிய ஒன்று இருந்தால் அது இதுதான்.

கொக்கியில் சேர்க்கிள் ஹூக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள். அது உள்ளுக்கு வளைந்த முனை, மீன் விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகும்போது வாயோரத்தில் தானாகக் கொளுவும், நாம் வெட்டி இழுத்தால் கொளுவாது. கம்பைக் கரையில் ஊன்றி மணி கட்டிவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு நல்லது. கையில் தங்கூசி பிடித்திருக்கிறவர் கடித்ததும் இழுக்காமல் இருக்க மாட்டார், அவருக்குச் சாதாரணக் கொக்கியே சரி. எதுவானாலும் சின்னதாக வாங்குங்கள், சுங்கானின் வாய் சின்னது. கெளிற்று வகையில் வாளை மட்டும் விதிவிலக்கு. அது பெரிய வாய், வரிசை வரிசையாகப் பல், உயிர் மீனைத் தேடுகிற வேட்டைக்காரன். அதற்கு விரால் கம்பும் தடித்த முன்நூலும் வேண்டும். உலகச் சிவப்புப் பட்டியலில் அழியக்கூடிய இனமாக இருக்கிற மீன் அது, கிடைத்தால் விட்டுவிடுவதுதான் என் கட்சி.

சுங்கானைக் கழற்றும்போது வெறுங்கையால் பிடிக்காதீர்கள். நெஞ்சுப் பக்கத்து இரண்டு முள்ளிலும் நஞ்சு உண்டு. ஈரச் சாக்குத் துண்டால் அமத்தி, குறட்டால் கொக்கியைக் கழற்ற வேண்டும். குத்திவிட்டால் கை தாங்குகிற சூட்டில் வெந்நீருக்குள் வைத்திருங்கள், அந்த நஞ்சு சூட்டில் கெடும், வலி இறங்கும். வீங்கிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி.

மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துப் பக்கம் கொடுவாவுக்குப் போகிறவர்களுக்கும் மேலே சொன்ன விரால் செட்டே போதும், ஒரே மாற்றம் முன்நூல். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி வெட்டும், 40 இறாத்தல் தங்கூசி ஒரு பாகம் (இரு கை விரித்த அளவு) நீளத்துக்கு முன்னால் இல்லாமல் போகாதீர்கள். உப்புத் தண்ணீரில் போட்ட ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

குளத்துக்குப் போகிறவர்கள் முதலில் அங்குள்ள நன்னீர் மீன்பிடிச் சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறியுங்கள், குஞ்சு விட்டு வளர்க்கிறவர்கள் அவர்கள். சேனநாயக்க சமுத்திரப் பக்கம் கல்லோயா தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் கம்போடு போக வேண்டாம். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று எறிவது வீடியோவில் அழகாக இருக்கும், நம்முடைய குளங்களில் முதலை உண்டு, கரையில் நின்றே எறியுங்கள். பொழுது பட்டால் யானை தண்ணீருக்கு இறங்கும், சுங்கானுக்கு இரவில் உட்காருகிறவர்கள் ஊர்ப் பக்கத்துக் கட்டாகப் பார்த்து உட்காருங்கள்.