சென்ட்ரல் பார்க்கில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா: பல வருடம் கேட்ட பிறகு

மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை இதுவரை கேட்டிராதவருக்கு 'பிட்வீன் நத்திங்னஸ் அண்ட் இடர்னிட்டி' ஆல்பத்தை முதலில் கொடுக்க மாட்டேன். ஆனால் குழுவின் தலைவரும் கிட்டார் கலைஞருமான ஜான் மெக்லாக்லின் வாசித்ததில் என் வீட்டில் அதிகம் ஓடியது இதுதான்.

1973 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், திறந்தவெளி மேடையில் பதிவானது. மூன்றே உருப்படிகள், 42 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் பாதி 'ட்ரீம்'தான். எல்பி இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க அது ஒன்றே.

ஆரம்பத்தில் கிட்டாரின் வேகத்தைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. யார் எதை வாசிக்கிறார்கள் என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. யான் ஹாமர் மினிமூக் சிந்தசைசரில் சுரத்தை வளைத்து இழுத்தால் அதுவும் கிட்டார் போலவே கேட்கும். போதாததற்கு ஜெர்ரி குட்மனின் வயலின் வேறு. மூவரும் மாறி மாறித் துண்டு துண்டாக வாசிக்கும் இடங்களில் எனக்கு இன்றும் குழப்பம் வரும். 'ட்ரீம்' நடுவே கிட்டாரும் பில்லி காபமின் டிரம்ஸும் மட்டும் மல்லுக்கு நிற்கிற பகுதி அப்படியில்லை. கர்நாடகக் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்துக்காகவே காத்திருக்கும் என் போன்ற ஆளுக்கு அது முதல் முறையே பிடித்துவிடும்.

இதே உருப்படிகளை அந்த வருடமே லண்டன் டிரைடன்ட் ஸ்டுடியோவிலும் பதிவு செய்திருந்தார்கள். குழுவுக்குள் மனத்தாங்கல் முற்றி அது கிடப்பில் போனது; அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த மேடைப் பதிவு. வருடக் கடைசியோடு அந்த ஐவர் கூட்டணியும் கலைந்தது. ஸ்டுடியோ பதிவு வெளியே வர 1999 ஆகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஹாமர் எழுதிய 'சிஸ்டர் ஆண்ட்ரியா' ஸ்டுடியோவில்தான் எனக்கு நன்றாக அமர்ந்திருக்கிறது. 'ட்ரீம்' அங்கே ரொம்பச் சுருக்கம். மேடையில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், அந்த நீளமே அதற்கு அழகு.

குறை ஒலியில்தான். ரிக் லெயர்டின் பேஸ் கிட்டாரை மற்றவர்கள் அமுக்கிவிடுகிறார்கள். போன் ஸ்பீக்கரில் அது இருக்கிற இடமே தெரியாது. ஹெட்போனிலோ உச்ச இடங்களில் காது சீக்கிரம் களைத்துவிடுகிறது. ஓரளவு பெரிய ஸ்பீக்கர், கொஞ்சம் கூடுதல் வால்யூம், வீட்டில் வேறு யாரும் இல்லாத மதியம் இருந்தால் சரி.