நியூயார்க்கில் வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: நடைபாதை நோட்டீஸும் அதன் பின்னாலேயே வரும் கான்ட்ராக்டர்களும்

நியூயார்க் நகரத்தில் சொந்த வீடு இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இங்கே வீட்டு முன் நடைபாதையைப் பழுதுபார்ப்பது உரிமையாளரின் கடமை. அது பழுது என்று நகரப் போக்குவரத்துத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால், கூடிய சீக்கிரம் யாராவது ஒரு கான்ட்ராக்டர் வந்து கதவைத் தட்டுவார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த இடத்தையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

குயின்ஸில் எங்களுடையது இரண்டு குடும்ப வீடு. மாடியில் நாங்கள், கீழே வாடகைக்கு. அந்த ஆள் வந்தபோது என் மாமியார் மட்டும்தான் வீட்டில் இருந்தார். மஞ்சள் நிற மேல்சட்டை, கையில் எங்கள் நோட்டீஸின் நகல். பார்த்தால் நகரத்து ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நகல் கையில் இருப்பதில் எந்த அதிசயமும் இல்லை. இந்த வயலேஷன்கள், அதாவது வீட்டின் மேல் நகரம் பதியும் விதிமீறல்கள், பொதுப் பதிவுகள், முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். "75 நாளில் சரி செய்யாவிட்டால் தினமும் அபராதம் ஏறும், வீடே ஏலத்துக்குப் போய்விடும்" என்று அந்த அம்மாவை நடுங்க வைத்துவிட்டான். சாயங்காலம் காகிதத்தோடு வந்து பாதிப் பணம் முன்னால் வேண்டும் என்றான். ரொக்கமாகத் தந்தால் குறைத்துக்கொள்கிறேன் என்றான். என் கணவர் காசோலைதான் என்று பிடிவாதமாக நின்றார். இன்று எங்கள் கையில் இருக்கும் ஒரே உறுதியான சாட்சி அந்தக் காசோலைதான்.

அவன் சொன்னதில் 75 நாள் மட்டும்தான் உண்மை. இந்த நோட்டீஸ் அபராதம் இல்லை, தினக்கணக்கில் எதுவும் ஏறாது. கெடு தாண்டினால் நகரமே தன் கான்ட்ராக்டரை வைத்துப் பழுதுபார்த்து உங்களுக்குப் பில் அனுப்பலாம். அந்தப் பில்லைக் கட்டாமல் விட்டால்தான் வீட்டின் மேல் வில்லங்கம் விழும். வயலேஷன் பதிவில் நிற்பதால் விற்கும்போதோ ரீஃபைனான்ஸ் செய்யும்போதோ தொல்லைதான், அது நிஜம். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கையெழுத்துப் போட வைக்கும் அவசரம் எதுவும் இதில் இல்லை.

வேலை நடந்த லட்சணத்தைச் சொல்கிறேன். நோட்டீஸோடு இன்ஸ்பெக்டர் வரைந்த படம் ஒன்று வரும். நடைபாதையின் எந்தெந்தக் கான்கிரீட் சதுரம் பழுது, என்ன பழுது என்று அதில் குறித்திருக்கும். பக்கத்துச் சதுரத்தைவிட அரை அங்குலம் தூக்கியிருந்தாலே தடுக்கி விழும் ஆபத்து என்று எழுதிவிடுவார்கள். இவர்கள் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குறிக்காத சதுரங்களையும் சேர்த்து உடைத்துப்போட்டு எல்லாவற்றுக்கும் சதுர அடிக் கணக்கில் பணம் கேட்டார்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது மரத்தின் விஷயம். வாசலில் நிற்பது நகரத்து மரம். அதன் வேர்தான் இரண்டு சதுரங்களைத் தூக்கியிருந்தது. அந்த வேரைக் கோடாலியால் வெட்டிப்போட்டுவிட்டார்கள். பூங்காத் துறையின் அனுமதி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. இதில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று குடும்பம் வரையிலான குடியிருப்பு வீடுகளுக்கு, நகரத்து மரத்தால் மட்டுமே வந்த சேதத்துக்கு வில்லங்கம் போடுவதை 2019-இல் நகரம் நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட இடத்தைச் சரி செய்யப் பூங்காத் துறையில் தனித் திட்டமே இருக்கிறது, நகரத்தின் உதவி எண்ணான 311-இல் கூப்பிட்டுப் பதியலாம். அந்த இரண்டு சதுரத்துக்கும் எங்களிடம் முழுக் காசு கேட்டான் அவன்.

விதிப்படி நடைபாதைக்கு 4 அங்குலக் கான்கிரீட், கார் ஏறி இறங்கும் டிரைவ்வே பகுதியில் 7 அங்குலம், அடியில் ஜல்லிப் படுகை. ஒரு குளிர்காலம் போனதும் டிரைவ்வே ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. கையில் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம்கூட முழுசாக இல்லை. அடியில் ஜல்லி இல்லை, வெறும் மண். மேல்பரப்பு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது.

அதற்கு முன்பே, வேலை முடிந்த கையோடு, வயலேஷனை நீக்கும் பரிசோதனைக்கு 311-இல் சொல்லியிருந்தோம். அதற்குக் கட்டணம் கிடையாது. இன்ஸ்பெக்டர் நீக்க மறுத்துவிட்டார். தண்ணீர் தெருப்பக்கம் ஓடாமல் வீட்டுப் பக்கம் ஓடும்படி சரிவு. கான்கிரீட் விரிவதற்கு விட வேண்டிய இடைவெளிகள் இல்லை. எங்கள் முகவரிக்கு நடைபாதை பெர்மிட்டே எடுக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெர்மிட்டுக்கு ஆகும் கட்டணம் வெறும் 70 டாலர்.

கான்ட்ராக்டர் முதலில் "அடுத்த வாரம் வருகிறேன்" என்றான். பிறகு மீதிப் பணத்தைக் கொடு, இல்லையென்றால் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றான். இந்த மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். நகரத்தில் 200 டாலருக்கு மேற்பட்ட வீட்டுப் பழுது வேலைக்கு நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாதவன் கூலி கேட்டு வழக்குப் போட்டால் நியூயார்க் நீதிமன்றங்களில் நிற்காது. அவன் காகிதத்தில் இருந்த உரிம எண்ணை அந்தத் துறையின் தளத்தில் தேடினோம், அப்படி ஒரு பதிவே இல்லை. இதைச் சொன்ன பிறகு அவன் போன் எடுப்பதையே விட்டுவிட்டான். துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 10,000 டாலர் வரை கேட்கலாம் என்பதால் அதற்கும் தயாராகிறோம். உரிமம் உள்ளவர் ஏமாற்றினால் ஈடு தர அந்தத் துறையிடம் ஒரு நிதி இருக்கிறது. உரிமம் இல்லாதவரிடம் மாட்டினால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

வாடகைக்கு மட்டும் விட்டிருக்கிறவர்களும், கீழே கடை இருக்கிற கட்டடக்காரர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2003 சட்டத்தின்படி நடைபாதையில் யாராவது விழுந்தால் பொறுப்பு உரிமையாளர் தலையில்தான். தானே குடியிருக்கும், முழுக்கக் குடியிருப்பாகவே பயன்படும் மூன்று குடும்பம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கும் விபத்து வழக்குக்குத்தான், பழுதுபார்க்கும் கடமைக்கு இல்லை. நீங்கள் வைத்த ஆள் அரைகுறையாகச் செய்து அதனால் ஒருவர் விழுந்தால் விலக்கு காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்.

பிறகு நாங்கள் வைத்த இரண்டாவது கான்ட்ராக்டர் இன்ஸ்பெக்டர் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சதுரமாக அளந்தார். பெர்மிட் எண்ணை எங்களுக்கு அனுப்பிய பிறகுதான் வேலையைத் தொடங்கினார். கான்கிரீட் ஊற்றும் முன் ஜல்லிப் படுகையைக் காட்டினார், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். மறுபரிசோதனையில் வயலேஷன் நீங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் குறித்தது தவறு என்று தோன்றினால் வேறொரு இன்ஸ்பெக்டரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், நகரத்திலிருந்து வருகிறேன் என்று யார் சொன்னாலும் பேச வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். நோட்டீஸ் வந்து குழப்பமாக இருந்தால் முகவரியை மறைத்துவிட்டு அந்த வரைபடத்தை இங்கே போடுங்கள், எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.