மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்னோவா

எங்கள் வீட்டில் நிற்பது 2012 மாடல் டொயோட்டா இன்னோவா, டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாங்களும் சித்தப்பா வீட்டாரும் சேர்ந்து பணம் போட்டதால் வண்டி இரண்டு வீட்டுக்கும் பொது. மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. "இன்னுமா இதையே வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறவர்களும், "குடுக்கறதா இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க" என்று சொல்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

இன்னோவாவின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பெங்களூரு பக்கத்திலுள்ள பிடதியில் தொழிற்சாலை போட்ட டொயோட்டா கிர்லோஸ்கர், 2000-இல் குவாலிஸை இறக்கியது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்த வண்டியை 2005-இல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். டிராவல்ஸ்காரர், கல்யாண வீடு, கட்சிக்காரர் என்று எல்லோரிடமும் அது போய்ச் சேர்ந்தது. 2012-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்த நாஞ்சில் சம்பத்துக்கு ஜெயலலிதா ஓர் இன்னோவா கொடுத்தார். அதிலிருந்து இந்தப் பெயரைச் சொன்னாலே யாராவது ஒருவர் சிரிக்காமல் இருப்பதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். 2494 சிசி, 102 பிஎஸ். இன்றைய கணக்குக்கு இது பெரிய பவரே இல்லை. ஆனால் 200 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை, இன்ஜின் மெதுவாகச் சுற்றும் 1400 ஆர்.பி.எம்.மிலேயே வந்து 3400 வரை அப்படியே நிற்கிறது. இதன் அருமை மலையில்தான் தெரியும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏழு பேர், பொங்கல் பானை, கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியரில் திருப்பினால் முக்காமல் முனகாமல் ஏறும். பின்சக்கர இழுவை என்பதால் பின்னால் ஏற்றுகிற பாரம் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்காருகிறது. பாரம் ஏற ஏற ஏற்றத்தில் பிடிமானம் கூடும். ஆள் இல்லாமல் தனியாக ஓட்டினால்தான் இந்த வண்டி கொஞ்சம் தூக்கிப் போடும்.

டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் இரண்டுக்கும் போட்ட அதே லேடர் ஃபிரேம் (பாடிக்கு அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம்) குடும்பம் இது. அதனால் உறுதிக்குக் குறைவில்லை, மலை இறக்கத்தில் அசைவுக்கும் குறைவில்லை. கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால், அங்கே யார் உட்காருவது என்று கிளம்பும் முன்பே ஒரு பஞ்சாயத்து நடக்கும். தோற்றவர் கையில் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் கொடுத்துவிடுவோம்.

நடு வரிசைதான் இந்த வண்டியின் உயிர். அப்பத்தாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. தாழ்வான காரில் குனிந்து இறங்குவது போல உட்கார முடியாது, உயரமான எஸ்யூவியில் ஏறவும் முடியாது. இதில் கதவைத் திறந்ததும் முதுகைக் காட்டி நின்று, சீட் விளிம்பில் அப்படியே உட்கார்ந்து, அப்புறம் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைப்பார். சீட்டின் உயரம் அவருடைய இடுப்புக்குச் சரியாக வருகிறது. கூரையிலிருந்து வரும் ஏசி காற்று மட்டும் நேராக மண்டையில் அடிக்கிறது என்று துண்டைப் போட்டுக்கொள்வார். எந்த விளம்பரமும் சொல்லாத இந்த ஒரு விஷயத்துக்காகவே வண்டியை மாற்றும் பேச்சு பலமுறை நின்றிருக்கிறது.

ஓட்டுகிறவருக்கு அந்த அளவு சுகம் கிடையாது. ஈரோடு மணிக்கூண்டு பக்கம் ஜவுளி எடுக்கப் போனால் நாலரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டியை எங்கே நிறுத்துவது? நெரிசலில் ஊர்ந்தால் இடது காலுக்குத்தான் வேலை. ஏழு பேரும் ஏறிவிட்டால் டிக்கியில் இரண்டு பைக்கு மேல் இடமில்லை. மைலேஜ் லிட்டருக்கு பைபாஸில் 13 பக்கம், ஊருக்குள் 10. முதல் தலைமுறையின் கீழ் வேரியண்ட்கள் பலவற்றில் ஏர்பேக்கே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய இன்னோவா தேடுகிறவர்கள் அலாய் வீல் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

அப்புறம் டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பட்டை. இந்த இன்ஜினில் அதை 1,50,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். கணக்கு வந்ததும் டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' விளக்கு எரியும். நாங்கள் வண்டி பார்க்கப் போனபோது மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது, விளக்கு எரியவில்லை. பெல்ட் மாற்றியாகிவிட்டது என்றார் விற்றவர். பில் இல்லை. கூட வந்த மெக்கானிக், "வெளக்க அணைக்கறது ஒரு நிமிச வேலைங் தம்பி. மூடியக் கழட்டிப் பார்த்துரலாமுங்" என்றார். நான்கைந்து போல்ட்டைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தால், பெல்ட்டின் முதுகில் முடி முடியாக வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது. ஏதோ ஒரு பட்டறையில் விளக்கை மட்டும் அணைத்து அனுப்பியிருக்கிறார்கள். அறுந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு, பெல்ட், அது ஓடும் உருளைகளான டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் சேர்த்து மாற்றினோம். மூன்று லட்சம் தாண்டியதும் விளக்கு சொன்னபடி எரிந்தது, மறுபடி மாற்றினோம்.

எங்கள் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. டொயோட்டாவின் தொடக்கமும் தறிதான். சகிச்சி டொயோடா 1924-இல் கொண்டுவந்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அவர் மகன் கீச்சிரோ தொடங்கிய கார் வேலைதான் 1937-இல் தனிக் கம்பெனி ஆனது. பெல்ட்டுக்கு ஒரு விளக்கு, டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அதற்கு ஒரு விளக்கு என்று வைத்திருப்பதைப் பார்த்தால் தறிக்காரப் புத்தி போகவில்லை என்று தோன்றுகிறது. விளக்கைப் பார்க்கிறவர் ஒழுங்காக இருந்தால் சரி.

மற்றபடி ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், ஓடிய ஓட்டத்துக்குச் சஸ்பென்ஷன் புஷ், ஒருமுறை கிளட்ச் செட். பெரிய செலவு வரவில்லை. ராத்திரி பஞ்சரானால் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்பக்கம் கம்பியை விட்டுச் சுற்றி இறக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரீஸ் வைக்கவில்லை என்றால் மழையில் நின்று மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

புதியது வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 2016-இல் வந்த அடுத்த தலைமுறை இன்னோவாவான கிரிஸ்டாவில் 2.4 லிட்டர் டீசல், 150 பிஎஸ், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். பெல்ட் தொல்லை கிடையாது. 2022 கடைசியில் வந்த ஹைகிராஸ் பெயரளவில்தான் இன்னோவா. ஃபிரேம் இல்லை, டீசல் இல்லை, இழுவை முன்சக்கரத்தில். உறவினருடைய ஹைகிராஸ் ஹைப்ரிட்டில் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ளது) போயிருக்கிறேன். டவுன் நெரிசலில் பேட்டரியிலேயே சத்தமில்லாமல் நகர்கிறது, கடைசி வரிசையிலும் வயிற்றைப் புரட்டவில்லை. கம்பெனி சொல்லும் மைலேஜ் 20-க்கு மேல். ஊருக்குள் அதிகம் ஓட்டுகிறவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். ஏழு பேரோடும் சாமானோடும் மாதாமாதம் மலையேறுகிறவர்களுக்கு நான் இன்னும் கிரிஸ்டா டீசலைத்தான் சொல்வேன். டொயோட்டா முத்திரைக்காக மட்டும் கிளான்சாவோ ரூமியனோ வாங்கப் போகிறவர்கள், அவை மாருதியின் பலேனோவும் எர்டிகாவும்தான் என்று தெரிந்து வாங்கட்டும். அவையும் நல்ல வண்டிகள்தான், இன்னோவாவின் குணத்தை மட்டும் அவற்றில் தேடக் கூடாது.

எங்கள் வண்டிக்கு 2027-இல் 15 வருடம் முடிகிறது. ஆர்.டி.ஓ.வில் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். சித்தப்பா வீட்டில் டவுனுக்கு என்று ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் புதுப்பிப்பது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. அதற்கு முன் அடிப்பகுதியில் துரு எடுத்து கோட்டிங் அடிக்க வேண்டும், கடைசி வரிசை சீட் கவரையும் மாற்ற வேண்டும்.