ப்ளாயா டெல் கார்மெனில் வாடகை வீடு: ஐந்தாம் அவென்யூ பக்கமா, முப்பதாம் அவென்யூ பக்கமா?

மெக்சிகோவின் கரீபியக் கரையில், கான்குன் விமான நிலையத்துக்குத் தெற்கே சுமார் 55 கி.மீ. தள்ளி இருக்கிறது ப்ளாயா டெல் கார்மென். ஊரின் அமைப்பு எளிது. கடற்கரைக்கு இணையாகப் போகும் சாலைகள் 5, 10, 15, 20, 25, 30 என்று ஐந்தைந்தாகக் கூடும், இவை அவெனிதா. குறுக்கே வெட்டும் தெருக்கள் காயே. ஹுவாரெஸ் சாலைக்கு வடக்கே அவை 2, 4, 6 என்று இரட்டைப்படையில் ஏறும். முகவரியில் உள்ள எண்ணைப் பார்த்தாலே கடல் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

5ஆம் அவென்யூவை ஊரில் 'கிந்தா' என்பார்கள். வண்டி நுழையாத நடைத்தெரு அது. இரு பக்கமும் நினைவுப் பொருள் கடைகள், உணவகங்கள், டூர் விற்பவர்கள். 30ஆம் அவென்யூ, அதாவது 'ட்ரெய்ந்தா', ஊர்க்காரர்கள் சாமான் வாங்கும் சாலை. இரண்டுக்கும் நடுவே ஐந்து பிளாக். பத்து நிமிட நடை. தங்கும் நாட்களில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு சாலைகளில் எந்தப் பக்கம் சாய்வது என்பதுதான். எல்லாவற்றுக்கும் 30 சரி என்று சொல்ல முடியாது. சிலவற்றுக்குக் கிந்தாவின் விலையைக் கொடுப்பதே நல்லது.

எங்கே படுப்பது

நான்கு பகுதிகள் போட்டியில் இருக்கின்றன.

காயே 12 ஊரின் இரவு விடுதித் தெரு. காயே 10 முதல் 14 வரை, 5க்கும் 10க்கும் நடுவே எடுத்த வீட்டில் விடியும்வரை பேஸ் சத்தம் சுவரைத் தட்டும். 'எல்லாவற்றுக்கும் நடுவில்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த இடம்தான். நள்ளிரவுக்கு மேல் ஊர் சுற்றுபவர்களுக்கு மட்டும் சரிப்படும்.

தெற்கே ப்ளாயகார் காவல் போட்ட குடியிருப்பு. மரங்களும் அமைதியும் உண்டு, குழந்தைகள் சைக்கிள் விடலாம். ஆனால் உள்ளே தள்ளிப்போன வீடென்றால் ஒரு பாக்கெட் பாலுக்கும் டாக்ஸி தேவைப்படும்.

கான்ஸ்டிடுயென்டெஸ் சாலைக்கு வடக்கே, காயே 38 வரையிலும் அதற்கு மேலும் உள்ள பகுதியில் கஃபேக்களும் நடக்கும் தூரத்தில் கடலும் உண்டு. நடு ஊரை விடச் சத்தம் குறைவு. 30க்கு அப்பால் வாடகை இன்னும் இறங்கும். ஆனால் ஈரத் துண்டோடு வெயிலில் கடலிலிருந்து திரும்பும் நடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை கான்ஸ்டிடுயென்டெஸுக்கு வடக்கே, 10க்கும் 25க்கும் நடுவே. அங்கேயும் முன்பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா? படுக்கையறை ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா? எந்த மாடி? தரைத்தளத்தில் ஈரமும் கொசுவும் அதிகம். கடைசி மாடியில் பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை இரவில் அதைக் கக்கும். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மொட்டைமாடியின் கறுப்புத் தொட்டியிலிருந்து இறங்குவதால், பம்ப் வைக்காத கட்டடத்தில் கடைசி மாடி ஷவர் நூல் போலத்தான் வரும். நடு மாடியே நல்லது.

மாத வாடகைக்கு எடுப்பவர்கள் 'லூஸ் அபார்ட்டே' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்: கரண்ட் பில் தனி. மின்வாரியமான சிஎஃப்இ வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் போடுகிறது. அதனால் யார் எவ்வளவு எரித்தார்கள் என்ற தகராறு எளிதில் வரும். வந்த அன்றும் கிளம்பும் அன்றும் மீட்டரை எண் தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

விமான நிலையத்திலிருந்து

ஆடோ (ADO) என்ற நிறுவனத்தின் பஸ், முன்பதிவு செய்த வேன், நிலைய டாக்ஸி என்று மூன்று வழி. தனி ஆளோ இருவரோ என்றால் ஆடோதான்: ஏசி பஸ், இருக்கை எண், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெட்டியை அடியில் போடும்போது தரும் துண்டுச் சீட்டைத் தொலைக்காதீர்கள், இறங்கும்போது கேட்பார்கள். ப்ளாயாவில் ஆடோவுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. ஒன்று கிந்தாவும் ஹுவாரெஸும் சந்திக்கும் இடத்தில், மற்றொன்று 20ஆம் அவென்யூவில் காயே 12 பக்கம். டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளாமல் தவறான நிலையத்தில் வீட்டுக்காரருக்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

நான்கு பேர், பெட்டிகள், இரவு விமானம் என்றால் வேன் நல்லது. ஆள் கணக்கில் பிரித்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. நிலைய டாக்ஸிக்குத்தான் அதிகம் ஆகும். சுங்கம் தாண்டியதும் போக்குவரத்து கவுன்டர் போலவே மேசை போட்டு அழைப்பவர்களில் பலர் டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமை) விற்பவர்கள். நிற்காமல் வாசலைத் தாண்டி வெளியே வந்த பிறகு உங்கள் வண்டியைத் தேடுங்கள்.

வெளிநாட்டுப் பயணிகளிடம் ப்ளாயா இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2021 ஏப்ரல் முதல் 'விசிடாக்ஸ்' என்ற வரி வாங்குகிறது. அரசுத் தளத்தைப் போலவே வேடமிட்ட தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் போடும். தள முகவரி 'gob.mx' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

டாலரா, பெசோவா

இங்கே சந்தேகமே வேண்டாம், பெசோதான். கிந்தாவில் டாலர் வாங்குவார்கள், ஆனால் கடைக்காரர் வைத்த மாற்று விகிதத்தில். புதியவர்களைக் குழப்புவது வேறொன்று: டாலர் குறியே மெக்சிகோவில் பெசோவுக்கும் குறி. மெனுவில் அந்தக் குறியோடு 180 என்றிருந்தால் அது 180 பெசோ. சில இடங்களில் 'எம்.என்.' என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள். தேசிய நாணயம் என்று பொருள்.

ஏடிஎம்மில் கிந்தா, 30 வேறுபாடு நன்றாகத் தெரியும். கிந்தாவில் கடைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் இயந்திரங்கள், அதுவும் டாலர் தருபவை, கட்டணத்தைத் தாராளமாகப் பிடிக்கும். 30 பக்கம் வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரத்துக்குப் போங்கள். அங்கும் கட்டணம் உண்டு, ஆனால் குறைவு. கார்டு விவரத்தைத் திருடும் ஸ்கிம்மர் கருவியை இயந்திரத்தில் பொருத்தியிருக்கும் ஆபத்தும் கிளைக்குள் குறைவு. எந்த இயந்திரமானாலும் கடைசியில் ஒரு திரை வரும்: 'இந்த விகிதத்தில் உங்கள் நாணயத்துக்கு மாற்றி எடுக்கச் சம்மதமா?' மறுத்துவிடுங்கள். மறுத்தால் பணம் வராது என்று பயந்து பலர் சம்மதத்தை அழுத்துகிறார்கள். பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் கழியும், பெரும்பாலும் அதுதான் லாபம். உணவகத்தில் மேசைக்குக் கொண்டுவரும் கார்டு இயந்திரத்திலும் இதே கேள்விக்கு இதே பதில்.

டிப் 10 முதல் 15 சதவீதம். பில்லில் 'சேவை' அல்லது 'புரோபினா' என்று முன்பே சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி டிப் கட்டாயமில்லை. கேட்காமல் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

தண்ணீரும் சமையலறையும்

யுகடான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை பாறை ஓட்டைகள் வழியே நேராக நிலத்தடிக்கு இறங்கிவிடும். வடிகட்ட மண் போதாது. அதனால் குழாய்த் தண்ணீர் கடினம், கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டும், குடிக்கக் கூடாது. ஊரே 20 லிட்டர் கேனில்தான் குடிக்கிறது; அங்கே அதற்குப் பெயர் கர்ரஃபோன். சமையலும் சேர்த்து இரண்டு பேருக்கு ஒரு கேன் மூன்று, நான்கு நாள் வரும்.

கிந்தாவில் ஒன்றரை லிட்டர் பாட்டில்களாக வாங்கிக் குடிப்பதுதான் மிக அதிகச் செலவு. காலிக் கேனைக் கொண்டுபோய் ஆக்ஸோ கடையில் மாற்றினால் தண்ணீருக்கு மட்டும் காசு. காலி இல்லையென்றால் கேனுக்கு டெபாசிட்டும் சேரும். எல்லாவற்றிலும் மலிவு 25, 30 பக்கத்துத் தெருக்களில் உள்ள 'பூரிஃபிகடோரா'. கண்ணெதிரே கேனைக் கழுவி, நிரப்பி, மூடி போட்டுத் தருவார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 20 கிலோ தூக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். முதல் கேன் வீட்டுக்காரர் கணக்கா என்று முன்பே கேளுங்கள். உணவகங்களில் நடுவில் ஓட்டையுள்ள ஐஸ் தொழிற்சாலையில் சுத்திகரித்த நீரில் செய்தது, தயங்காமல் குடிக்கலாம். பச்சையாகத் தின்னும் காய், கீரைக்கு சூப்பர்மார்க்கெட்டின் காய்கறிப் பகுதியிலேயே கிருமிநாசினித் துளி விற்கிறது. முதலில் மண் போகக் கழுவி, பிறகு லேபிளில் போட்ட அளவில் ஊறவையுங்கள். மண்ணோடு ஊறினால் மருந்து வேலை செய்யாது.

குளியலறைக் குழாயில் 'சி' என்ற எழுத்து சூடு. 'கலியென்டே'யின் முதல் எழுத்து. 'எஃப்' தான் குளிர். ஆங்கிலப் பழக்கத்தில் 'சி'யைத் திருப்பிக் கையைச் சுட்டுக்கொள்வார்கள். வெந்நீர் வரவில்லை என்றால் முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பும் எரியவில்லை என்றால் கேஸ் தீர்ந்திருக்கிறது. அடுப்பு எரிந்தால் பாய்லரின் பைலட் சுடர் அணைந்திருக்கிறது. இந்த ஒரு தகவலோடு வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். மின்சாரம் 127 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜர்கள் ஓடும். இந்தியாவிலிருந்து எடுத்துப்போகும் 230 வோல்ட் மிக்ஸியும் கெட்டிலும் சரியாக ஓடாது. கழிப்பறைக் காகிதம் பக்கத்துக் குப்பைக் கூடையில். குழாய் அடைத்தால் அடைத்தவர் தலையில்தான் செலவு விழும்.

காலையில் 30 பக்கத்து தொர்த்தியேரியாவுக்கு (மக்காச்சோள ரொட்டியான தொர்த்தியா சுடும் கடை) ஒரு சுத்தமான துணியோடு போங்கள். சோளத் தொர்த்தியா எடை போட்டுத்தான் விற்பார்கள். இயந்திரத்திலிருந்து விழுந்த சூட்டோடு காகிதத்தில் சுற்றித் தருவதை அங்கேயே துணியில் பொதிந்துகொண்டால் வீடு போகும்வரை மெத்தென்றிருக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஆவி வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

துலும், செனோட்டே: எதில் போவது

தெற்கே மாயா இடிபாடுகள் உள்ள துலும் ஊருக்குப் போகும் கொலெக்டிவோ எனப்படும் ஷேர் வேன் காயே 2இல், 15க்கும் 20க்கும் நடுவே கிளம்புகிறது. ஆள் நிரம்பியதும் எடுப்பார்கள். இறங்கும்போது டிரைவரிடம் பெசோவில் காசு; சில்லறை வைத்திருங்கள். தெற்கே சுமார் 25 கி.மீ.யில் இருக்கும் செனோட்டே அசுல், கிரிஸ்தலினோ போன்ற நன்னீர்க் குளங்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. தெற்கே போகும் வண்டி நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கம் போகும். குளங்களும் அந்தப் பக்கமே. வாசலில் இறங்கலாம். திரும்பும்போதுதான் 307ஆம் எண் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். வேகமான சாலை அது. குழந்தைகளோடு போனால் நிதானம் தேவை. இடமுள்ள வேன் விளக்கை மின்னும், கையைக் காட்டுங்கள். குளித்த பிறகுதான் குளத்தில் இறங்க விடுவார்கள், சன்ஸ்கிரீன் கூடாது. முழுக்கை நீச்சல் சட்டை அணிந்தால் அதற்கு அவசியமும் இல்லை.

வாடகைக் கார் துலுமுக்கு மட்டும் என்றால் வீண். கோபா, வயதோலித், வழியில் நான்கைந்து குளங்கள் என்று ஒரே நாளில் சுற்றுபவர்களுக்கு அது பயன்படும். இணையத்தில் தெரியும் மலிவான விலையை நம்ப வேண்டாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு பல நேரம் அதில் இருக்காது. கவுன்டரில் சேர்ப்பார்கள், கிரெடிட் கார்டு தரும் காப்பீடும் இதை ஈடுசெய்யாது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். மஞ்சள் பூசிய ஓரத்தில் நிறுத்தக் கூடாது. 'தோபே' என்ற வேகத்தடைகள் பல இடங்களில் அறிவிப்பே இல்லாமல் வரும்.

மாயா ரயிலின் ப்ளாயா நிலையம் 2024இல் திறந்தது. ஆனால் அது ஊரின் நடுவில் இல்லை. நிலையத்துக்குப் போய்வரும் செலவைச் சேர்த்தால் துலுமுக்கு ரயில் கட்டுப்படியாகாது. மெரிதா போன்ற நெடுந்தூரத்துக்கு யோசிக்கலாம். ஊருக்குள் டாக்ஸிகளில் மீட்டர் இல்லை. ஏறும் முன் கட்டணம் பேசுங்கள்.

கடல்

மெக்சிகோவில் கடற்கரை எல்லாருக்கும் பொது. பீச் கிளப் நாற்காலிக்குத்தான் காசு, மணலுக்கு இல்லை. கிளப்பில் 'குறைந்தபட்ச நுகர்வு' என்று ஒரு தொகை கேட்பார்கள். அது முழுவதும் சாப்பாட்டில் கழியுமா, டிப் தனியா என்று உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால், நிழலும் கழிப்பறையும் நன்னீர் ஷவரும் கிடைப்பதால் அந்தக் காசு தகும். மற்றவர்கள் வடக்கே புன்தா எஸ்மெரால்தாவுக்குப் போகலாம். நன்னீர் ஊற்று ஒன்று குளமாகத் தேங்கிக் கடலில் கலக்கும் இடம் அது. ஞாயிறன்று உள்ளூர்க் குடும்பங்களால் நிரம்பிவிடும், வாரநாள் காலை நல்லது.

பெரிய எதிரி சர்காசோ என்ற பழுப்புக் கடற்பாசி. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மோசம். கரையில் குவிந்து அழுகும்போது முட்டை அழுகிய நாற்றம் வீசும், ஹைட்ரஜன் சல்பைடு. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் கடலோர வீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பாசி குவிந்த நாளில் படகேறி கோசுமேலுக்குப் போங்கள். அந்தத் தீவின் மேற்குக் கரைக்குத் தீவே மறைப்பாக இருப்பதால் அங்கே தண்ணீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பயணம் முக்கால் மணி நேரம். ஒரே நிறுவனத்தில் போக வர டிக்கெட் எடுத்தால் அதன் நேரத்துக்கே கட்டுப்பட வேண்டும். ஒரு வழி டிக்கெட்டாக எடுத்தால் திரும்பும்போது அடுத்து வருகிற படகில் ஏறலாம். எங்கள் தேர்வு ஒரு வழி டிக்கெட். துறை கவுன்டரிலேயே வாங்கி, கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை 'நோர்த்தே' என்ற வடகாற்று அடிக்கும் நாளில் துறைமுகத்தை மூடிவிடுவதும் உண்டு.

உடம்புக்கு வந்தால்

வயிற்றுப்போக்கு, காது வலி, லேசான காய்ச்சலுக்கு மருந்துக்கடையை ஒட்டிய 'கொன்சுல்தோரியோ' போதும். குறைந்த கட்டணத்தில் டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதுவார். 2010 முதல் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தருவதில்லை. எலும்பு முறிவு, மூச்சுத்திணறல், விடாத வாந்தி என்றால் நேராக மருத்துவமனை. அவசர எண் 911. சேரும் முன் கட்டணத்தை எழுத்தில் கேட்டு, பயணக் காப்பீட்டு நிறுவனத்தை அங்கிருந்தே அழையுங்கள்.

கிளம்பும் நாளுக்கு ஒரு எச்சரிக்கை. கின்டானா ரூ 2015 முதல் தனி நேர மண்டலத்தில் ஓடுகிறது; 2022இல் மெக்சிகோ நகரம் கோடை நேரத்தைக் கைவிட்டதிலிருந்து ஆண்டு முழுவதும் இதன் கடிகாரம் அந்நகரத்தை விட முன்னால் இருக்கும். இன்று வித்தியாசம் ஒரு மணி. போனில் நேர மண்டலத்தைக் கையால் 'மெக்சிகோ சிட்டி' என்று வைத்தவர்களுக்கு விமானம் ஒரு மணி முன்னதாகவே போய்விடும். முதல் நாளே அதைக் 'கான்குன்' என்று மாற்றிவையுங்கள்.