லீப்பா, ஓஸ்மோசிஸா? எரிசக்திக் கொள்கைக்கு மாதிரி போடக் கற்பவர்கள் எதில் தொடங்கலாம்

நிலக்கரியை எந்த ஆண்டில் குறைப்பது, சூரிய மின்சாரத்துக்கு எவ்வளவு முதலீடு தேவை என்று அரசு அறிக்கைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கணினி மாதிரியில் பிறந்தவை. அவற்றை நம்பவோ மறுக்கவோ, நாமே ஒரு மாதிரியைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இத்துறைக்குள் புதிதாக வருபவர்கள் முன் முதலில் நிற்கும் கருவிகள் இரண்டு: லீப் (LEAP), ஓஸ்மோசிஸ் (OSeMOSYS).

லீப், ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் தயாரிப்பு. விண்டோஸில் ஓடும், மாணவர்களுக்கு இலவசம். அடிப்படையில் அது ஒரு கணக்கேடு. எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை ஃபேன் என்று கீழிருந்து கூட்டிக்கொண்டே போகும். 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால், நாளுக்கு 10 மணி நேரம் ஓடும் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 170 யூனிட் மிச்சம். பத்து லட்சம் வீடுகள் மாறினால் எவ்வளவு நிலக்கரி எரியாமல் இருக்கும் என்பதை லீப் உடனே வரைபடமாகக் காட்டிவிடும். ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும் கருவி. ஆனால் எந்த வழி நல்லது என்று அதுவாகச் சொல்லாது. வழிகளை நாம்தான் எழுதித் தர வேண்டும். (நெமோ என்ற துணைக்கருவியைச் சேர்த்தால் செலவு குறைந்த வழியையும் தேடச் செய்யலாம்.)

ஓஸ்மோசிஸுக்கு அந்தத் தேடல்தான் முழுநேர வேலை. 2011-இல் அறிமுகமான இந்தக் கட்டற்ற மென்பொருள், மொத்தச் செலவு எந்தக் கலவையில் குறைகிறதோ அதை நேரியல் திட்டமிடல் (கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடும் கணித முறை) மூலம் கண்டுபிடிக்கும். சமன்பாடுகள் எல்லாவற்றையும் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். சிரமமும் அங்கேதான். நான் முதலில் போட்ட மாதிரியில் 31.536 என்ற ஓர் எண்ணை விட்டுவிட்டேன். ஒரு கிகாவாட் நிலையம் ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் 31.536 பெட்டாஜூல் (ஆற்றலை அளக்கும் ஓர் அலகு) மின்சாரம் வரும். அந்தப் பெருக்கல் விட்டுப்போனதால், என் மாதிரி தேவைக்கு முப்பது மடங்குக்கும் மேல் நிலையங்களைக் கட்டச் சொன்னது. அதைச் சரிசெய்ததும் அடுத்த தவறு. ஆண்டை ஒரே துண்டாக வைத்திருந்தேன். நண்பகலில் விளைந்த சூரிய மின்சாரமே இரவு விளக்கையும் எரிப்பதாக மாதிரி எடுத்துக்கொண்டது. பகல், மாலை, இரவு என்று பிரித்துக் கொடுத்த பிறகுதான் பேட்டரியும் நீர்மின்சாரமும் கணக்குக்குள் வந்தன. இந்த இரண்டு தவறுகளில் நான் கற்றது எந்தப் பாடநூலில் கற்றதையும்விட அதிகம்.

இன்னொன்று, வட்டிக் கணக்கு. இருபது ஆண்டு கழித்துச் செலவாகும் 100 ரூபாய், 5 சதவீதக் கழிவு வீதத்தில் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம்) இன்றைக்கு 38 ரூபாய். 10 சதவீதத்தில் 15 ரூபாய்தான். சூரிய மின்சாரத்துக்கு ஏறக்குறைய முழுப் பணமும் முதலிலேயே போகிறது. நிலக்கரிக்கோ எரிபொருள் செலவு பின்னால் நீண்டு வருகிறது. ஆக, வீதத்தை உயர்த்தினாலே நிலக்கரி மலிவாகத் தெரியும். ஓஸ்மோசிஸில் இந்த ஓர் எண்ணை மாற்றி இருமுறை ஓட்டிப் பார்த்தவர், அடுத்த முறை எந்த அறிக்கையை எடுத்தாலும் முதலில் அதைத்தான் தேடுவார்.

தண்ணீரையும் நிலத்தையும் சேர்க்கும்போது இரண்டு கருவிகளுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. மொரீஷியஸில், ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்த விலை சரிந்த பின், கரும்பிலிருந்து எத்தனால் எடுத்தால் பெட்ரோல் இறக்குமதி குறையுமே என்ற யோசனை எழுந்தது. எரிசக்திக் கணக்கில் அது லாபம். மழை குறைந்தால் பாசனத்துக்குத் தண்ணீர் இறைக்கவும் கடல்நீரைக் குடிநீராக்கவும் மின்சாரம் வேண்டும், அது நிலக்கரியிலிருந்து வரும் என்று சேர்த்துப் பார்த்தபோது அந்த லாபம் கரைந்தது. 2013-இல் வெளியான அந்த ஆய்வு லீப்பையும் அதன் தண்ணீர்த் தம்பியான வீப்பையும் நிலப்பயன்பாட்டு மாதிரி ஒன்றையும் தனித்தனியே ஓட்டி, ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுத்தது. இன்று அதே வேலையை ஓஸ்மோசிஸில் ஒரே மாதிரிக்குள் செய்கிறார்கள்.

கார்பன் வரி போட்டால் சிமென்ட் விலையும் கூலியும் ஏற்றுமதியும் என்னாகும் என்பது உங்கள் கேள்வியானால் இவை இரண்டும் போதாது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜிடாப் (GTAP) போன்ற பொதுச் சமநிலை மாதிரி, அதாவது பொருளாதாரத்தின் எல்லாச் சந்தைகளையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரி, வேண்டும். அதன் புதிய தரவுத்தொகுப்புக்குக் காசு கட்ட வேண்டும், நுண்பொருளியலும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் படியாக அதை நான் சொல்ல மாட்டேன்.

அலுவலகத்தில் இரண்டு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டியவர் லீப்பையே எடுக்கட்டும். மாணவருக்கு என் ஓட்டு ஓஸ்மோசிஸுக்கு. ஓப்பன்லேர்ன் கிரியேட் தளத்தில் அதற்கான பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நிலக்கரி நிலையம், ஒரு சூரியப் பண்ணை, ஒரு பேட்டரி, நாளுக்கு மூன்று துண்டுகள்: இந்த அளவில் தொடங்குங்கள். விடையைக் கையால் எக்செல்லில் போட்டுச் சரிபார்க்க முடிகிற அளவு அதுதான்.